நிறம் பூசுமுன் திகதி பாருங்கள்: கருக்கலைப்புச் சட்ட வரைபடம் பராமரிக்கப் பழகுவோருக்கு

2024 செப்டெம்பர் 30ஆம் திகதி அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஒரு நீதிபதி, ஏறத்தாழ ஆறு வாரத்துக்குப் பிறகு கருக்கலைப்பைத் தடுக்கும் சட்டம் செல்லாது என்றார். ஒக்டோபர் 7ஆம் திகதி அந்த மாநிலத்தின் மிக மேலான நீதிமன்றம் தீர்ப்பை இடைநிறுத்தியது. பழைய தடை திரும்பி வந்துவிட்டது. ஒரு கிழமைக்குள் ஒரு மாநிலத்தின் நிறம் இரண்டு தரம் மாறியது. உலக வரைபடத்தில் இலங்கையின் நிறமோ 1880களில் இருந்து அப்படியே கிடக்கிறது. ஓடுகிறதையும் அசையாமல் இருக்கிறதையும் ஒரே படத்தில், ஒரே திகதிக்குச் சரியாகக் காட்டவேண்டும்.

எந்த நாட்டுச் சட்டம் கருக்கலைப்பை எந்த அளவுக்கு அனுமதிக்கிறது என்று நிறங்களால் காட்டும் உலக வரைபடத்தைத் திருத்திவரும் வேலை இது. கொழும்பில் இருந்துகொண்டு தமிழில் இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சட்டம் படித்திருக்கத் தேவையில்லை. வரைகலையும் தெரிய வேண்டாம், அதை ஒரு பின்னேரத்தில் பழகிவிடலாம். கொஞ்சம் பொறுமையும் நிறையச் சந்தேகப் புத்தியும் இருந்தால் போதும். கருக்கலைப்பைப் பற்றி உங்களுக்கு எந்தக் கருத்து இருந்தாலும் சரி, அது நிறத்துக்குள் கசியக்கூடாது.

படம் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது?

ஒரே ஒரு கேள்விக்குத்தான். இந்தத் திகதியில், இந்த நிலப்பரப்பில், நடைமுறையில் இருக்கும் எழுத்துச் சட்டம் எந்தெந்தக் காரணங்களுக்குக் கருக்கலைப்பை அனுமதிக்கிறது?

அங்கே மருத்துவர் கிடைப்பாரா, எவ்வளவு செலவாகும், ஊர் என்ன சொல்லும் என்பதெல்லாம் முக்கியமான கேள்விகள்தான், ஆனால் இந்தப் படம் அவற்றுக்கு விடை சொல்லாது. இத்தாலியில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் முதல் 90 நாட்களுக்குள் அனுமதிக்கிறது. மனச்சாட்சியின் பேரில் மறுக்கவும் மருத்துவர்களுக்கு அதே சட்டம் இடம் கொடுக்கிறது, மகப்பேற்று மருத்துவர்களில் பெரும்பான்மையானோர் மறுக்கிறார்கள். நேபாளத்தில் 2002இல் சட்டம் மாறியது, முதல் சேவை 2004இல்தான் தொடங்கியது. இந்த இடைவெளிகளை நிறத்துக்குள் திணிக்கப் போனால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வாதம் கிளம்பும். அவற்றை அடிக்குறிப்பில் எழுதுங்கள்.

நிறங்களுக்குப் பெரும்பாலானோர் பின்பற்றும் ஐந்து படிகளே போதும்: (1) எந்தக் காரணத்துக்கும் இல்லை; (2) பெண்ணின் உயிரைக் காப்பாற்ற மட்டும்; (3) உடல்நலம் அல்லது மனநலம் காக்க; (4) சமூக, பொருளாதாரக் காரணங்களையும் கருதி; (5) பெண் கேட்டாலே, வார எல்லைக்குள். நியூயோர்க்கில் இருக்கும் இனப்பெருக்க உரிமைகளுக்கான மையம் வெளியிடும் உலக வரைபடமும் இந்த அடுக்கைத்தான் வைத்திருக்கிறது. பாலியல் வன்புணர்வு, சிசுவின் கடுமையான குறைபாடு ஆகிய இரண்டையும் தனி நிறமாக்காமல் சிறு குறிகளாகப் போடுங்கள். அவை எந்தப் படியோடும் சேர்ந்து வரக்கூடியவை.

படிகளை வாசிக்கும்போது வழமையான எதிர்பார்ப்புகளைக் கழற்றி வைத்துவிட வேண்டும். இங்கிலாந்து 'கேட்டாலே' படியில் இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே இரண்டு மருத்துவர்கள் காரணம் கண்டு ஒப்பமிட வேண்டும், ஆகவே அது நான்காம் படி. 2019 வரை ஏறக்குறைய முழுத்தடையில் இருந்த வட அயர்லாந்து, 2020 மார்ச் 31இல் வந்த ஒழுங்குவிதிகளால் 12 வாரம் வரை ஐந்தாம் படிக்குப் போய்விட்டது. ஐக்கிய இராச்சியம் முழுவதற்கும் ஒரே நிறம் பூசிய படத்தைக் கண்டால் அதை வரைந்தவர் சட்டத்தைத் திறந்து பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சட்டமே இல்லாத இடங்களும் உண்டு. கனடாவில் 1988 ஜனவரியில் நீதிமன்றம் குற்றவியல் பிரிவை நீக்கியது. அதற்குப் பதிலாக வேறொன்று இன்றுவரை வரவில்லை. தென் கொரியாவில் அரசியலமைப்பு நீதிமன்றம் 2019 ஏப்ரலில், 2020 டிசெம்பர் 31க்குள் சட்டத்தைத் திருத்தும்படி நாடாளுமன்றத்துக்குத் தவணை கொடுத்தது. தவணை முடிந்தது, திருத்தம் வரவில்லை. 2021 ஜனவரி 1 முதல் குற்றப்பிரிவு தானாகவே உயிரிழந்தது. அன்று எந்த நாடாளுமன்றமும் வாக்களிக்கவில்லை, எந்த நீதிபதியும் வாய் திறக்கவில்லை. செய்தியை மட்டும் நம்பி வேலை செய்கிறவர் இப்படியானதைத்தான் தவறவிடுவார்.

வாரங்களை எங்கிருந்து எண்ணுகிறார்கள்?

அயர்லாந்தில் 12 வாரம், ஜேர்மனியிலும் 12 வாரம். இரண்டும் ஒன்றல்ல. அயர்லாந்துச் சட்டம் கடைசி மாதவிடாயின் முதல் நாளில் இருந்து எண்ணுகிறது, ஜேர்மனி கருத்தரித்த நாளில் இருந்து. ஆகவே ஜேர்மனியின் 12, அயர்லாந்துக் கணக்கில் 14. பிரான்சின் 14 வாரமும் கருத்தரித்ததில் இருந்து எண்ணுவதுதான், மாதவிடாய்க் கணக்கில் 16. அமெரிக்காவில் 'ஆறு வாரத் தடை' என்றால் மாதவிடாய்க் கணக்கு. அதாவது, மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு கிழமைகூட ஆகாத நிலை.

வார எண்ணை வரைபடத்தின் மேலேயே எழுதவேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் எல்லா நாடுகளையும் ஒரே கணக்குக்கு மாற்றிய பிறகுதான் எழுதவேண்டும். எந்தக் கணக்கு என்பது நிறக் குறிப்பிலும் இருக்கவேண்டும். அதற்கு நேரம் இல்லையென்றால் எண்ணே வேண்டாம். ஜேர்மனியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆலோசனை பெற்று 12 வாரத்துக்குள் செய்துகொண்டால் தண்டனை கிடையாது, ஆனாலும் செயல் சட்டவிரோதமானது என்றே கருதப்படுகிறது. பெரும்பாலான வரைபடங்கள் அதை ஐந்தாம் படியில் வைக்கின்றன, நானும் அப்படித்தான் வைப்பேன். அடிக்குறிப்பு கட்டாயம்.

அட்டவணை முதலில், படம் பிறகு

புதிதாக வருகிறவர் நேரே படக்கோப்பைத் திறந்து நிறம் மாற்றத் தொடங்குவார். கையைப் பிடித்து நிறுத்த வேண்டிய இடம் இதுதான். படம் என்பது அட்டவணையின் நிழல். கூகுள் ஷீட்டிலோ எக்செலிலோ ஒரு அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். நாடு, உட்பகுதி, படி, சட்டத்தின் பெயரும் பிரிவு எண்ணும், நடைமுறைக்கு வந்த திகதி, ஆதாரம், கடைசியாகச் சரிபார்த்த திகதி, சரிபார்த்தவர் ஆகியவை நெடுவரிசைகள். கூடவே 'காத்திருப்பு' என்று ஒன்று.

அந்தக் காத்திருப்பு நெடுவரிசைதான் உங்களைக் காப்பாற்றும். ஒரு சபையில் நிறைவேறிய சட்டமூலம், மேன்முறையீட்டில் கிடக்கும் தீர்ப்பு, குறித்த நாளில் தொடங்கவிருக்கும் சட்டம் எல்லாம் அங்கே போகட்டும். "அக்கா, அங்க பாஸ் ஆகிட்டுதாம், இன்னும் ஏன் மாத்தேல்ல?" என்று வட்ஸ்அப்பில் யாராவது கேட்டால் அந்த வரியைக் காட்டலாம்.

ஆதாரத்துக்கு இணைய முகவரி மட்டும் போட்டுவிட்டு விடாதீர்கள். அரசாங்கத் தளங்களின் முகவரிகள் அடிக்கடி செத்துப்போகும். சட்டத்தின் இலக்கத்தையும் ஆண்டையும் எழுதி, ஆவணத்தின் பிரதியைச் சேமித்து, இணைய ஆவணக் காப்பகத்திலும் ஒரு பிரதி ஏற்றிவிடுங்கள்.

சட்டம் எப்போது சட்டமாகிறது?

இந்த வேலையில் நடக்கும் பிழைகளில் பெரும்பகுதி நிறத்தில் இல்லை, திகதியில்தான். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் ஆறுதலாக நிற்போம்.

2018 ஜூனில் ஆர்ஜன்டீனாவின் கீழ்ச்சபை கருக்கலைப்புச் சட்டமூலத்தை நிறைவேற்றியது. வீதியெல்லாம் ஆதரவாளர்களின் பச்சைக் கழுத்துத் துண்டுகள். ஓகஸ்டில் செனட் அதை நிராகரித்துவிட்டது. ஜூனில் நிறம் மாற்றியிருந்தால் படம் இரண்டு மாதம் பொய் சொல்லியிருக்கும். பின்னர் 2020 டிசெம்பர் 30இல் செனட் ஆம் என்றது. அப்போதும் அன்றே மாற்றுவது சரியல்ல, சட்டம் நடைமுறைக்கு வந்தது 2021 ஜனவரி 24இல்.

போலந்தில் அரசியலமைப்புத் தீர்ப்பாயம் 2020 ஒக்டோபர் 22இல் சிசுக் குறைபாட்டுக் காரணத்தை நீக்கித் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த நாட்டில் தீர்ப்பு அரச இதழில் வெளியானால்தான் உயிர்பெறும். வீதிப் போராட்டங்களுக்கு நடுவே அரசாங்கம் அதை வெளியிடாமல் வைத்திருந்தது. வெளியானது 2021 ஜனவரி 27இல். இடையில் இருந்த மூன்று மாதத்துக்கும் பழைய நிறம்தான் சரி.

அரிசோனா இன்னும் விசித்திரம். 2024 ஏப்ரல் 9இல் அந்த மாநில நீதிமன்றம் 1864ஆம் ஆண்டின் சட்டத்தைப் பிரயோகிக்கலாம் என்றது. அரிசோனா மாநிலமாகவே ஆகாத காலத்துச் சட்டம் அது. பெண்ணின் உயிரைக் காப்பாற்றத் தவிர வேறெதற்கும் இடமில்லை. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. ஆனால் தீர்ப்பு உடனே அமுலுக்கு வரவில்லை, தவணைகள் நீண்டன. மே 2இல் ஆளுநர் அந்தச் சட்டத்தை நீக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார், செப்டெம்பர் 14இல் நீக்கம் நடைமுறைக்கு வந்தது. 1864ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஆண்டில் ஒரு நாள்கூட அமுலாகவில்லை. நவம்பரில் வாக்காளர்கள் மாநில அரசியலமைப்பையே திருத்தினார்கள். தலைப்புச் செய்திகளின் பின்னால் ஓடியவர் ஒரே மாநிலத்துக்கு அத்தனை தரம் நிறம் பூசியிருப்பார், அதில் பாதி பிழையாக இருந்திருக்கும்.

பக்கத்து நாட்டிலும் இதே கதைதான். இந்தியாவின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்துக்கான திருத்தத்துக்கு 2021 மார்ச் 25இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. நடைமுறைக்கு வந்தது செப்டெம்பர் 24இல்.

ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் வரிசையாகக் கேளுங்கள். எத்தனை சபைகள் இருக்கின்றன, எல்லாம் நிறைவேற்றியாயிற்றா? ஒப்பமிட வேண்டியவர் ஒப்பமிட்டாரா? அரச இதழில் வந்ததா? அந்த இதழில் தொடக்கத் திகதி என்ன? எந்த நீதிமன்றமாவது அதற்குள் இடைக்காலத் தடை போட்டிருக்கிறதா? கடைசிக் கேள்வி வரை விடை கிடைக்காவிட்டால் அது காத்திருப்பில் இருக்கட்டும். இங்கிலாந்து, வேல்ஸ் பெண்களைத் தங்கள் சொந்தக் கருக்கலைப்புக்காகக் குற்றவாளியாக்கக் கூடாது என்ற திருத்தம் 2025 ஜூன் 17இல் பொதுச்சபையில் பெரும் வாக்கு வித்தியாசத்தில் வென்றது. அன்றைய நிலையில் அது ஒரு பெரிய சட்டமூலத்தின் ஒரு வாசகம் மட்டுமே, பிரபுக்கள் சபை அப்போது இன்னும் பாக்கியிருந்தது. காத்திருப்பு வரிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இலங்கை வரி

வர்த்தமானியில் வந்துவிட்டது என்று கேட்டதும் துள்ளிக் குதிப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். இலங்கையில் சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறுமுன்பே வர்த்தமானியில் வெளியாகவேண்டும், அரசியலமைப்பின் 78ஆம் உறுப்புரை அப்படிச் சொல்கிறது. ஆக, இங்கே வர்த்தமானியில் ஒரு சட்டமூலத்தைக் கண்டால் அது ஆரம்பம், முடிவல்ல. சபாநாயகர் சான்றுரை எழுதிய பிறகுதான் அது சட்டம். போலந்தில் அரச இதழ் கடைசிப் படி, கொழும்பில் அது முதற்படி. இரண்டையும் ஒரே கண்ணால் வாசித்தால் பிழைதான் வரும்.

இன்று இருக்கும் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையின் 303 முதலான பிரிவுகள். பெண்ணின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்துடன் செய்ததைத் தவிர மற்றதெல்லாம் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, சிசுவின் அசைவு உணரப்பட்ட நிலையில் ஏழு ஆண்டு வரை. பெண் தானே செய்துகொண்டாலும் பிரிவு அவளையும் சேர்த்துத்தான். 1883இன் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நடைமுறைக்கு வந்தது 1885 ஜனவரி 1. பார்த்தீர்களா, எங்கள் சட்டத்துக்கே இரண்டு திகதி இருக்கிறது.

1995இல் திருத்தப் பேச்சு வந்து கைவிடப்பட்டது. 2013இல் சட்ட ஆணைக்குழு வன்புணர்வுக்கும் கடுமையான சிசுக் குறைபாட்டுக்கும் விலக்குப் பரிந்துரைத்தது. 2017இல் அமைச்சரவை ஒப்புதல் வரை போய், மதத் தலைவர்களின் எதிர்ப்போடு அதுவும் ஒதுங்கியது. ஒவ்வொரு முறையும் 'இலங்கையில் அனுமதி' என்ற தொனியில் செய்திகள் வந்தன. அமைச்சரவை அங்கீகாரம் சட்டமல்ல. நிறம் மாறவேயில்லை, மாற்றவும் கூடாது.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொண்டால் நிம்மதி. அமெரிக்காவில் போல இங்கே ஒரு நீதிபதி திடீரென்று இந்தப் பிரிவைத் தூக்கியெறிய வழியில்லை. நிறைவேறிய சட்டத்தின் செல்லுபடியை நீதிமன்றத்தில் கேள்விக்கு உட்படுத்த 80ஆம் உறுப்புரை இடம் தரவில்லை. அரசியலமைப்புக்கு முன்பே இருந்த சட்டங்கள், அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும், செல்லும் என்கிறது 16ஆம் உறுப்புரை. அப்படியானால் இலங்கைக்கு மாற்றம் பாராளுமன்றம் வழியாகத்தான் வரும். நீங்கள் கண் வைக்க வேண்டியது பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்திலும், அரச அச்சகத் திணைக்களம் மூன்று மொழிகளிலும் இணையத்தில் ஏற்றும் சட்டமூலங்களிலும். இணையத்தில் பழைய பிரதி கிடைக்காதபோது தேசிய சுவடிகள் திணைக்களம் கைகொடுக்கும்.

ஒவ்வொரு நாட்டுக்கும் இப்படி 'மாற்றம் எந்த வாசலால் வரும்' என்று ஒரு வரி எழுதி வையுங்கள். கொலம்பியாவில் நீதிமன்ற வாசல்: 2022 பெப்ரவரி 21இல் 24 வாரம் வரை குற்றமில்லை என்றது அரசியலமைப்பு நீதிமன்றம். அயர்லாந்தில் மக்கள் வாக்கெடுப்பு வாசல்: 2018 மே 25, பிறகு சட்டம், பிறகு 2019 ஜனவரி 1. மெக்சிக்கோவில் உச்ச நீதிமன்றம் 2021இலும் 2023இலும் வழி திறந்தாலும் மாநிலச் சட்டங்கள் ஒவ்வொன்றாகத்தான் மாறுகின்றன. அதை ஒரே நிறத்தில் வைக்காதீர்கள், மாநில வரைபடம் தேவை.

ஒரே வாசகம், மூன்று நிறம்

எங்கள் 303ஆம் பிரிவின் மூலம் 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு. அதே வாசகம் டாக்காவிலும் கோலாலம்பூரிலும் இருந்தது. இன்று நிறங்கள் வேறு வேறு. ஏன் என்று பார்ப்பது புதியவருக்கு நல்ல பயிற்சி, எங்கள் வாசகர்கள் அதிகம் தேடுவதும் இந்த நாடுகளைத்தான்.

இந்தியா 312ஐ அழிக்கவில்லை. 1971இல் அதற்கு மேலே இன்னொரு சட்டத்தை வைத்து விலக்குக் கொடுத்தது. அதனால்தான் இந்தியா 'கேட்டாலே' படியில் இல்லை, மருத்துவரின் கருத்து வேண்டும், நான்காம் படி. 2022 செப்டெம்பர் 29இல் உச்ச நீதிமன்றம், 20 முதல் 24 வாரம் வரையான பிரிவில் திருமணமாகாத பெண்களை ஒதுக்கக்கூடாது என்றது. நிறம் மாறவில்லை, அடிக்குறிப்பு மாறியது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டமே போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 312 இப்போது 88. நிறத்தில் ஒரு துளி மாற்றம் இல்லாமல் ஆதாரம் காலாவதியாகும் விதம் இது. 'சரிபார்த்த திகதி' நெடுவரிசை இல்லாவிட்டால் இதை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

மலேசியா 1989இல் 312க்குள்ளேயே ஒரு விலக்கைச் சேர்த்தது: உயிருக்கு மட்டுமல்ல, உடல்நலம், மனநலம் ஆகியவற்றுக்கு ஆபத்து இருந்தாலும் மருத்துவர் செய்யலாம். மூன்றாம் படி.

பங்களாதேஷ்தான் தலையைப் பிய்க்க வைக்கும். சட்டம் இன்றும் உயிரைக் காப்பாற்ற மட்டும். ஆனால் 1979இல் இருந்து அரசாங்கத்தின் குடும்பத்திட்டச் சேவையில் 'மாதவிடாய்ச் சீராக்கம்' வழங்கப்படுகிறது. பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் 10 வாரம் வரையும் மருத்துவர்கள் 12 வாரம் வரையும் செய்யலாம். கர்ப்பம் உறுதிப்படுத்தப்படாத நிலையில் செய்வதால் அது கருக்கலைப்புச் சட்டத்துக்குள் வராது என்பது அரசின் நிலைப்பாடு. டாக்காவின் நடைமுறையைப் பார்த்து ஐந்தாம் படி போடலாமா? கூடாது. நாங்கள் எழுத்துச் சட்டத்துக்கு நிறம் பூசுகிறோம், ஆகவே இரண்டாம் படி. அடிக்குறிப்பைப் பெரிதாக எழுதுங்கள், அதற்குக் கஞ்சத்தனம் வேண்டாம். இதில் என்னோடு முரண்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வாதமும் பலமானதுதான். ஆனால் ஒரு நாட்டுக்கு விதியைத் தளர்த்தினால் அடுத்த நாள் பத்து நாடுகளுக்குத் தளர்த்த வேண்டி வரும்.

தமிழ்ச் செய்தியை வாசிக்கும்போது

செய்தி என்பது மணி அடிக்கிறது, அவ்வளவுதான். கதவைத் திறக்க ஆவணம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2017இல் தொடங்கிய கருக்கலைப்புக் கொள்கைத் தரவுத்தளத்தில் பல நாடுகளின் சட்ட மூலங்கள் இணைக்கப்பட்டிருக்கின்றன. ஆரம்பத்துக்கு அது நல்ல இடம். அண்மைய மாற்றத்துக்கு அதை மட்டும் நம்பாமல் அந்தந்த நாட்டின் அரச இதழுக்குப் போங்கள். பழக்கமில்லாத மொழியில் இருந்தால் இயந்திர மொழிபெயர்ப்பில் திகதியையும் பிரிவு எண்ணையும் பிடித்துக்கொண்டு, மிச்சத்துக்கு அந்த மொழி தெரிந்த ஒருவரைத் தேடுங்கள். இன்னொரு வரைபடத்தைப் பார்த்து உங்கள் வரைபடத்தைத் திருத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். அவர் உங்களைப் பார்த்து வரைந்திருக்கலாம்.

சென்னைப் பத்திரிகையில் 'உயர் நீதிமன்றம்' என்றால் மாநில மட்டம். கொழும்பில் அதே பெயர் நாட்டின் இறுதி நீதிமன்றத்துக்கு. மொழிபெயர்த்த வெளிநாட்டுச் செய்தியில் எந்த வழக்கில் எழுதியிருக்கிறார்கள் என்று தெரியாமல், மேன்முறையீட்டுக்கு இன்னும் இடமிருக்கும் தீர்ப்பை இறுதித் தீர்ப்பாக எடுத்துவிடக்கூடும். நீதிமன்றத்தின் மூலப்பெயரைக் கண்டுபிடித்து அட்டவணையில் எழுதிவிடுங்கள்.

கோப்பைத் தொடுவது

விக்கிமீடியா பொதுவகத்தில் (விக்கிப்பீடியாக் கட்டுரைகள் பயன்படுத்தும் படங்களைச் சேமிக்கும் தளம்) இருக்கும் உலக வரைபடங்களில் பெரும்பாலானவை எஸ்விஜி வகை. அது உண்மையில் ஒரு எழுத்துக் கோப்பு. சாதாரண உரைத்தொகுப்பியில் திறந்து, நாட்டின் ஈரெழுத்துக் குறியைத் தேடி (இலங்கைக்கு எல்-கே, போலந்துக்கு பி-எல்), அது எந்த நிறத் தொகுதியில் இருக்கிறதோ அங்கிருந்து எடுத்து உரிய தொகுதியில் சேர்த்தால் வேலை முடிந்தது. கண்ணால் பார்த்துச் செய்ய விரும்புகிறவர்களுக்கு இங்க்ஸ்கேப் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதில் சேமித்தால் கோப்புக்குள் தேவையில்லாத வரிகள் ஏறிவிடும், சேமிக்கும்போது 'எளிய எஸ்விஜி' வகையைத் தெரிவு செய்யுங்கள்.

ஒரு பதிவேற்றத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஐந்து நாடுகளை ஒன்றாக மாற்றி, ஒன்று பிழையென்றால், முன்னிலைக்குத் திருப்புகிறவர் ஐந்தையும் திருப்பிவிடுவார். தொகுப்புச் சுருக்கத்தில் நாடு, பழைய படி, புதிய படி, நடைமுறைத் திகதி, சட்ட இலக்கம் ஆகியவற்றை எழுதுங்கள். 'புதுப்பிக்கப்பட்டது' என்று மட்டும் எழுதுவது எழுதாததற்குச் சமம். சர்ச்சைக்கு இடமுள்ள மாற்றமென்றால் முதலில் பேச்சுப் பக்கத்தில் போட்டுக் கொஞ்சம் பொறுங்கள்.

மோல்டா, சிங்கப்பூர், மாலைதீவு, சான் மரீனோ போன்றவை வட்டங்களாக இருக்கும். உலக அளவில் பார்க்கும்போது கண்ணில் படாது, அதனால்தான் அவை பழைய நிறத்திலேயே தூங்கும். மோல்டா 2023 ஜூன் வரை முழுத்தடை. அந்த மாதத்தில் உயிராபத்துக்கு மட்டும் விலக்கு வந்தது. முழுத்தடைப் பட்டியலில் அதை இன்னும் வைத்திருக்கும் படங்களைப் பார்த்தால் அவற்றின் வயது தெரிந்துவிடும்.

சிவப்பும் பச்சையும் வேண்டாம். நிறக்குருடு உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குப் பிரிக்க முடியாத சோடி அதுதான். அதோடு பச்சை நல்லது, சிவப்பு கெட்டது என்று படம் தானே தீர்ப்புச் சொல்லிவிடும். ஒரே நிறத்தின் ஐந்து செறிவுகள் எந்த வாசகரையும் சீண்டாது. தமிழ் எழுத்தைப் படத்துக்குள் போடாதீர்கள். சில சேவையகங்களில் கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும். நிறக் குறிப்பைப் படத்துக்கு வெளியே, பக்கத்தின் உரையில் எழுதினால் திருத்தவும் இலகு. 'இந்தத் திகதியில் உள்ளபடி' என்ற வரியும் அங்கேதான் இருக்கவேண்டும்.

உங்கள் பெயரும் உங்களைத் தேடி வரும் கேள்விகளும்

பொதுவகத்தில் செய்த ஒவ்வொரு மாற்றமும் கணக்குப் பெயரோடு நிரந்தரமாக இருக்கும். இந்தத் தலைப்பில் வீட்டிலோ வேலையிடத்திலோ கேள்வி வரலாம் என்று நினைத்தால் புனைபெயரில் கணக்குத் திறவுங்கள், சொந்த மின்னஞ்சலோடு சேர்க்காதீர்கள். கணக்கில்லாமல் தொகுப்பது நல்லதல்ல.

வரைபடம் தமிழில் இருந்தால் சில பெண்கள் உங்களையே மருத்துவராக நினைத்து எழுதுவார்கள். நீங்கள் மருத்துவரோ சட்டத்தரணியோ இல்லை. மருந்துப் பெயர், இடம், ஆள் எதுவும் சொல்லாதீர்கள். சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: இரத்தப்போக்கு, காய்ச்சல் என்று சிக்கலோடு இருப்பவர் தயங்காமல் அரசாங்க வைத்தியசாலைக்குப் போகவேண்டும், அங்கே சிகிச்சை கிடைக்கும். அந்தச் செய்திகளைச் சேமித்து வைக்காமல் அழித்துவிடுங்கள். திரைப்பிடி எடுத்துக் குழுவில் போடுவது மன்னிக்கக்கூடிய காரியமல்ல.

எப்போது பார்ப்பது?

சட்டங்கள் நடைமுறைக்கு வரத் தேர்ந்தெடுக்கும் நாட்கள் பல தடவை மாதத்தின் முதலாம் திகதிகள். டென்மார்க், நோர்வே இரண்டும் எல்லையை 18 வாரமாக உயர்த்தியது ஒரே நாளில், 2025 ஜூன் 1இல். ஆகவே மாத முதல்நாளில் காத்திருப்பு நெடுவரிசையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெரிய தீர்ப்புகளை ஜூன் கடைசியில் இறக்கும். கருக்கலைப்பை அனுமதிப்பதா என்று முடிவு செய்யும் அதிகாரத்தை மாநிலங்களிடம் திருப்பிக் கொடுத்த தீர்ப்பும் 2022 ஜூன் 24இல்தான் வந்தது. செப்டெம்பர் 28 பாதுகாப்பான கருக்கலைப்புக்கான சர்வதேச நாள் என்பதால் அந்தக் கிழமையில் அறிக்கைகள் குவியும். அவற்றில் அறிவிப்பு நிறைய இருக்கும், சட்டம் குறைவு.

நேர வித்தியாசத்தையும் கணக்கில் எடுங்கள். 2024 மே 1இல் புளோரிடாவின் ஆறு வாரத் தடை அங்கே நள்ளிரவில் தொடங்கியபோது கொழும்பில் காலை ஒன்பதரை. எங்கள் நள்ளிரவில் மாற்றினால் ஒன்பதரை மணிநேரம் முந்திவிடுவோம். அது பெரிய குற்றமல்ல, ஆனால் யாரோ ஒருவர் திருப்பிவிட்டுச் சண்டை தொடங்கும்.

இவற்றுக்கு அப்பால், செய்தியே வராத நாடுகளுக்கு ஒரு சுற்று வைத்துக்கொள்ளுங்கள். 'சரிபார்த்த திகதி' நெடுவரிசையைப் பழையது மேலே வரும்படி அடுக்கி, மேலே நிற்கும் ஐந்து நாடுகளை மாதாமாதம் எடுங்கள். மாற்றம் எதுவும் இல்லையென்று கண்டாலும் திகதியைப் புதுப்பித்து உங்கள் பெயரைப் போடுங்கள். அதுவும் வேலைதான், பாதி வேலை அதுதான்.

பதிவேற்றிய பிறகு பழைய படமே தெரிந்தால் பயப்படாதீர்கள், உலாவியின் தேக்ககத்தைச் சுத்தம் செய்து பாருங்கள். பிறகு கோப்புப் பக்கத்தின் அடியில், இந்தப் படம் எந்தெந்த மொழிக் கட்டுரைகளில் பயன்படுகிறது என்ற பட்டியலுக்குப் போங்கள். தமிழ்க் கட்டுரையைத் திறந்து, படத்தின் கீழே உள்ள குறிப்பிலும் அட்டவணையிலும் பழைய நிலை எழுதியிருந்தால் அதையும் திருத்திவிட்டு, காத்திருப்பு வரியை அழித்துவிடுங்கள்.